நரிப்பீ பொறுக்கிய மீனம்மா

மீனம்மா விடிய எழும்பி நரிப்பீ பொறுக்கப் போகிறாள் என்பது விளாத்திமடுவில் ஒரு கிழமைக்குத்தான் சிரிப்பாக இருந்தது. பிறகு சிரித்தவர்களுக்கே அலுத்துப்போயிற்று. பூவரசங்குளத்திலிருந்து உள்ளே போகிற கிரவல் வீதியில், பழைய சைக்கிளின் கூடைக்குள் கையுறைப் பெட்டியும் முகமூடியும் ஸ்பிரிட் ஊற்றிய சின்னப் போத்தல்களுமாக அவள் போகும்போது, பால் கொண்டுபோகிறவர்கள் மட்டும் பழக்கதோஷத்தில் கேட்பார்கள்.

"என்ன மீனம்மாக்கா, இண்டைக்கு விளைச்சல் எப்பிடி?"

"உங்களுக்கும் ஒரு பார்சல் கட்டி வைக்கிறன், போயிட்டு வாங்கோ" என்பாள். அதற்கு மேல் கதைக்க அவளிடம் தெம்பில்லை.

எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தோடு மலைநாட்டுத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்த குடும்பம் அவளுடையது. அவள் தாயின் இடுப்பில் இருந்து வந்தவள். தேயிலைச் செடியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். கச்சான் கடலை ஆய்ந்திருக்கிறாள், வயல் நாற்று நட்டிருக்கிறாள், வீதிக்குக் கல் சுமந்திருக்கிறாள். இடம்பெயர்ந்து போய், முகாமில் இருந்து, திரும்பி வந்து, மறுபடியும் கச்சான் ஆய்ந்திருக்கிறாள். கூலி வேலையில் எது கிடைத்தாலும் செய்தவளுக்கு நரிப்பீ ஒரு பெரிய இறக்கமாகத் தெரியவில்லை. ஆனால் இந்த வேலைக்கு அவள் போனது கூலிக்காக மட்டும் இல்லை. அவளுக்கு நரியைப் பிடிக்க வேண்டியிருந்தது. உயிரோடு அல்ல, கையும் களவுமாக.

மூன்று வருடங்களுக்கு முன்னர் அவளுடைய கணவன் முத்துலிங்கத்துக்கு வலது பக்க விலா எலும்புக்குக் கீழே ஒரு நோ வந்தது. முதலில் வாய்வு என்றார்கள். ஓமவாட்டர் குடித்தான். பிறகு அல்சர் என்றார்கள், உறைப்பை விட்டான். கடைசியில் வவுனியா ஆஸ்பத்திரியில் ஸ்கான் பண்ணிப் பார்த்தால், ஈரலுக்குள்ளே ஒரு நீர்க்கட்டி, விளாங்காய் அளவுக்கு. சத்திரசிகிச்சை செய்த டொக்டர் பொறுமையான மனிதர். படம் கீறியே விளங்கப்படுத்தினார். இது ஒரு நாடாப்புழுவின் குஞ்சு. நாய், நரி போன்றவற்றின் குடலில் அந்தப் புழு இருக்கும். அவற்றின் பீயோடு முட்டை வெளியே வரும். அந்த முட்டை கையில் ஒட்டி, தண்ணீரில் கலந்து, கீரையில் பட்டு, மனிதன் வயிற்றுக்குள் போனால் ஈரலில் இப்படிக் குடியிருந்து வருடக்கணக்காக வளரும்.

"வீட்டில நாய் இருக்கோ?" என்று டொக்டர் கேட்டார்.

"இல்லை ஐயா" என்றான் முத்துலிங்கம்.

அவன் பொய் சொல்லவில்லை. அதைச் சற்று விளக்கித்தான் ஆகவேண்டும். விளாத்திமடுவில் குளக்கட்டுக்குக் கீழே ஒரு வைரவர் கோயில் இருக்கிறது. வைரவருக்கு வாகனம் நாய். அதனால் அங்கே நேர்த்திக்கடனுக்கு நாய்க்குட்டி விடுவார்கள். மகளின் கலியாணம் குழம்பாமல் ஒப்பேற வேண்டும் என்று முத்துலிங்கம் ஒரு குட்டியைக் கொண்டுபோய் விட்டான். கலியாணமும் ஒப்பேறியது, மகள் இப்போது மல்லாவியில் இருக்கிறாள். ஆனால் விட்ட குட்டி கோயிலில் நிற்கவில்லை. அவன் வீடு வந்து சேருவதற்கு முன்னரே அது வந்து முற்றத்தில் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. அதற்குச் சொக்கன் என்று பேர் வைத்தார்கள், சோறு போட்டார்கள், அது முத்துலிங்கத்தின் கட்டிலுக்குக் கீழே படுத்தது. என்றாலும் அதை "எங்கட நாய்" என்று ஒருநாளும் சொன்னதில்லை. தெய்வத்துக்குக் கொடுத்ததைத் திருப்பி எடுத்தால் நேர்த்தி பிழைத்துவிடும் அல்லவா? விசர்நாய்த் தடுப்பூசி போட வருகிறவர்கள் கேட்டாலும் அதே பதில்தான். கோயிலைச் சுற்றி நின்ற ஏழெட்டு நாய்களுக்கும் சேர்த்து ஒரே சொந்தக்காரர், அவர் கல்லாக நிற்கிறார். ஊசி போட வந்த பொடியனுக்கு யாரிடம் கையெழுத்து வாங்குவது என்று தெரியவில்லை.

வீட்டில் நாய் இல்லை என்றால் மிச்சம் நரிதான். ஊரும் அதையே சொன்னது. நரி இராவில் வந்து வெள்ளரிப்பழம் தின்கிறது, கிணற்றடியில் பேண்டுவிட்டுப் போகிறது, வேறு என்ன வேண்டும்? முத்துலிங்கம் சத்திரசிகிச்சை முடிந்து வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் இருந்து நரிகளைத் திட்டினான். திட்டும்போது அவனுடைய மற்றக் கை கட்டிலுக்குக் கீழே சொக்கனின் தலையைத் தடவிக்கொண்டிருக்கும்.

போன கார்த்திகையில் மறுபடி ஸ்கான் பண்ணினார்கள். இன்னொரு கட்டி. அதே ஈரல், அடுத்த பக்கம்.

டொக்டர் இம்முறை படம் கீறவில்லை. விழுங்கக் குளிசை தந்தார், சில மாதம் குளிசையில் கட்டியைச் சுருக்கிப்போட்டு, பிறகு வெட்டி எடுக்கலாம் என்றார். மீனம்மாவைத் தனியே கூப்பிட்டு, "அம்மா, இந்தமுறை செய்யலாம். மூண்டாந்தரம் இந்த உடம்பு தாங்காது. இது எங்கயிருந்து வருதெண்டு பாருங்கோ. இல்லாட்டி வெட்டி அனுப்பிறது நாங்கள், திரும்பப் போறது அதே இடத்துக்கு" என்றார்.

அந்தச் சொல் மீனம்மாவை விடவில்லை. பஸ்ஸில் வரும்போதும், அடுப்பை மூட்டும்போதும், படுக்கும்போதும் அது கூடவே இருந்தது. கிணற்றைச் சுற்றி வேலி கட்டினாள். கீரை வாங்குவதை நிறுத்தினாள். முற்றத்தைக் காலையும் மாலையும் கூட்டினாள். கூட்டிக் கூட்டி முதுகு விட்டுப்போனதுதான் மிச்சம். எதற்கு எதிராக இவ்வளவும் செய்கிறோம் என்பதே தெரியாமல் செய்கிற வேலையைப் போலக் களைப்பான வேலை வேறில்லை.

அப்போதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து பிரியந்தினி வந்தாள். மிருக வைத்தியம் படித்துவிட்டு, காட்டு நரிகளில் இந்தப் புழு இருக்கிறதா என்று ஆராய வந்த பிள்ளை. நரியைப் பிடிக்கத் தேவையில்லை, அதன் பீ போதும் என்றாள். இடம் வலம் தெரிந்த ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டபோது ஊரே ஒருவரையொருவர் பார்த்தது. மீனம்மா மட்டும் "நான் வாறன் மிஸ்" என்றாள்.

பிரியந்தினி அவளுக்கு வடிவாகச் சொல்லிக்கொடுத்தாள். கையுறை போடாமல் தொடக்கூடாது. முகமூடி போடாமல் குனியக்கூடாது. நரி மறைவில் பேளாது. எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வரம்புச் சந்தியிலும் கல்லுக்கு மேலும் புல்லுப்பற்றைக்கு மேலும்தான் பேளும். நண்டு ஓடு இருக்கும், பாலைப்பழ விதை இருக்கும், முறுக்கின மயிர் இருக்கும். சோறு தின்கிற வீட்டு நாயின் பீ அப்படி இராது. சந்தேகம் என்றால் சந்தேகம் என்று எழுதுங்கள், பிறகு சோதனையில் தெரியும் என்றும் சொன்னாள். மீனம்மாவுக்கு ஒருநாளும் சந்தேகம் வரவில்லை.

மார்கழி மழை விட்டதிலிருந்து அவள் நடந்தாள். வயல் வரம்பு, குளக்கட்டு, பற்றைக்காட்டு ஓரம். யானை வந்துபோன காலையில் வீதியோடு நின்றுவிட்டாள், மற்றப்படி நிற்கவில்லை. முழங்கால் வீங்கியது, கோழிக்கொழுப்பைத் தடவிக்கொண்டு போனாள். அவளுக்கு எல்லாவற்றிலும் நல்ல இடமாகப்பட்டது வைரவர் கோயிலுக்குப் பின்னால், குளக்கட்டில் கிடந்த பழைய கற்கள்தான். அங்கே எப்போதும் புதிதாக ஏதாவது கிடக்கும், அதற்குள் கொத்துக் கொத்தாக ஆட்டு மயிர். கள்ள நரி, வேள்விக்கு நேர்ந்துவிட்ட ஆட்டுக்குட்டிகளையும் பிடிக்கிறது என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அந்தப் போத்தல்களை மட்டும் தனியாகக் கட்டி, "மிஸ், இதுகளை முதல் பாருங்கோ. இதுதான் அவர்" என்று கொடுத்தாள். ஏதோ கள்ளனைப் பொலிசில் ஒப்படைக்கிறவள் போல.

பங்குனி வெயிலில் ஒருநாள் பிரியந்தினி வந்தாள். குசினிக்குள் பலகையைப் போட்டு இருந்து, பிளேன்ரீயை வாங்கி, குடிக்காமல் கையில் வைத்திருந்தாள். மீனம்மாவுக்கு அப்போதே விளங்கியது, சொல்ல வந்தது சுகமான கதை இல்லை என்று.

"அக்கா, வயல் வரம்பில எடுத்ததெல்லாம் நரியின்ரதான். அதுகளில வேற பூச்சிகள் இருக்கு, இந்தப் புழு இல்லை."

"அப்ப கோயிலடியில எடுத்தது?"

"அதுகளிலதான் இருக்கு. கனக்க இருக்கு."

"நான் சொன்னனானெல்லே!" மீனம்மா துள்ளி எழும்பினாள்.

"அது நரியின்ர இல்லையக்கா. நாயின்ர."

மீனம்மா நம்பவில்லை. பிரியந்தினி நிதானமாகச் சொன்னாள்: பீ வெளியே வரும்போது அந்த மிருகத்தின் சொந்தக் குடலும் கொஞ்சம் உரிந்து ஒட்டிக்கொண்டு வரும், அதை வைத்து எந்த மிருகம் என்று பிசகாமல் சொல்லலாம், ஒன்றுக்கு இரண்டு தரம் பார்த்தாயிற்று.

"எங்க மிஸ், நாய் ஆட்டு மயிர் தின்னுறது? நாங்கள் போடுறது சோறும் கருவாட்டுத் தலையும். ஆட்டை ஆர் நாய்க்கு வெட்டிப் போ..."

அவ்வளவில் அவள் வாய் நின்றுவிட்டது.

வைகாசியில் வைரவருக்குப் பெரிய வேள்வி. அதைவிட மாதத்துக்கு ஒருதரம் யாராவது ஒரு நேர்த்திக் கிடாய் வெட்டுவார்கள். வெட்டுகிறது ஒருவர், இறைச்சி பங்கு போடுகிறது ஒருவர். குடல் கழுவுகிறது மட்டும் வருடக்கணக்காக மீனம்மா. மற்றப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நிற்க, அவள்தான் வாளித் தண்ணீரோடு குந்தியிருப்பாள். ஈரலையும் சுவாசப்பையையும் பிரிக்கும்போது சிலதில் வெள்ளை வெள்ளையாகத் தண்ணிக் கொப்புளம் இருக்கும். அதை மனிதன் தின்னக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். எறியவும் கூடாது, படைத்த ஆடு. ஆகவே அது "வைரவற்ற பங்கு". வெளியே வாய் பார்த்துக்கொண்டு நிற்கிற நாய்களுக்கு, மயிர் ஒட்டிய தோல் துண்டுகளோடு பச்சையாகப் போடுவார்கள். போடுகிற கை மீனம்மாவின் கை. அதிலும் நல்ல கொழுத்த துண்டாகப் பார்த்துச் சொக்கனுக்கு எறிவாள், முத்துலிங்கம் சொல்லி அனுப்புவான் என்பதற்காக.

"அந்தக் கொப்புளம் என்ன மிஸ்?" என்று கேட்டாள்.

பிரியந்தினி கோப்பையைக் கீழே வைத்தாள். "ஐயாவின்ர ஈரலில இருக்கிற அதே கட்டிதானக்கா. ஆட்டில இருந்து நாய்க்கு, நாயில இருந்து ஆட்டுக்கும் ஆக்களுக்கும். உப்பிடியே சுத்திக்கொண்டிருக்கும்."

மீனம்மா அழவில்லை. அழுவதற்கும் ஒரு பலம் வேண்டும். கட்டிலுக்குக் கீழே நிழலில் சொக்கன் படுத்திருப்பதும், அதன் வாயும், முத்துலிங்கத்தின் கையும், அந்தக் கையோடு அவன் சோறு குழைக்கிறதும் ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்குத் தெரிந்தன. இவ்வளவு நாளும் வேலி கட்டினது வெளியே இருக்கிறவனுக்கு. கள்ளனோ உள்ளே படுத்திருக்கிறான்.

அன்று பின்னேரம் கணவனிடம் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. முத்துலிங்கம் முழுவதும் கேட்டான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

"நரியாவே இருந்திருக்கலாம்" என்றான்.

"எனக்கும் அதுதான் விருப்பம். என்ன செய்யிறது?"

"சொக்கனை என்ன செய்யப் போறாய்?"

"மிஸ்ஸிட்ட குளிசை இருக்காம். ஒன்றரை மாசத்துக்கு ஒருக்காக் குடுத்தால் காணுமாம். இனிப் பச்சை ஈரல் வாயில படக்கூடாது. அதுதான் பெரிசு."

குளிசை கொடுப்பது சுகமாக முடியவில்லை. பிரியந்தினி கோயில் நாய்கள் எல்லாவற்றுக்கும் கொடுக்க வேண்டும் என்றாள். ஒன்றை விட்டாலும் பிரயோசனமில்லை. ஆனால் யாருடைய நாய் என்று ஒருவர் பொறுப்பெடுத்துச் சொல்லாமல் கொடுக்க அவளுக்கு அனுமதி இல்லை. கோயில் தலைவர் தில்லைநாதன், யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து வயலும் வாய்க்காலுமாக இருக்கிற பெரிய மனிதர், தன்னுடையது இல்லை என்றார். "வைரவரிட்டப் போய்க் கேளுங்கோ பிள்ளை" என்றார், பகிடியாக. பகிடி விட்டவர் சிரித்தார்; மற்றவர்களும் சிரித்தார்கள்; குளிசைகள் பெட்டிக்குள்ளேயே கிடந்தன.

வைகாசி வந்தது. ஆஸ்பத்திரியில் வேள்விக்கு அடுத்த கிழமை சத்திரசிகிச்சைக்குத் திகதி தந்திருந்தார்கள். வேள்விக்கு முதல்நாள் மீனம்மா தில்லைநாதனின் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"ஐயா, இந்தமுறை அந்தக் கொப்புள ஈரலுகளை எரிப்பம்."

"என்ன கதை கதைக்கிறாய் மீனம்மா? படைச்ச ஆட்டை எரிக்கிறதோ? வைரவற்ற வாகனத்தின்ர வாயில மண்ணைப் போடச் சொல்லுறியோ?"

"அந்தப் புழுவாலதான் என்ர மனுசன் ரெண்டாந்தரமும் வெட்டக் கிடக்கிறார்."

"ஒரு ஆளுக்கு வருத்தம் எண்டாப்போல கோயில் முறையை மாத்தேலுமோ? பாட்டன் பூட்டன் காலத்து முறை."

அவரோடு வாதாட அவளுக்கு வாயும் இல்லை, வலுவும் இல்லை. "அப்ப சரி ஐயா" என்று வந்துவிட்டாள்.

மறுநாள் கிடாய்கள் விழுந்தன. பங்கு போடுகிறவர்கள் பனையோலையைப் பரப்பினார்கள். குடல் குவியல் வழக்கமான இடத்தில் சேர்ந்தது. வழக்கமான இடத்தில் மீனம்மாவும் இருந்தாள். ஆனால் வாளியைத் தொடவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

"என்ன இருக்கிறாய்? கழுவன்" என்றார் தில்லைநாதன்.

"ஏலாது ஐயா."

"ஏன், சுகமில்லையோ?"

"களைச்சுப் போனன் ஐயா" என்றாள். சத்தியமான வார்த்தை.

வெயில் ஏறியது. இலையான் மொய்த்தது. தில்லைநாதன் மற்றப் பெண்களைப் பார்த்தார். மற்றப் பெண்கள் வானத்தைப் பார்த்தார்கள். ஆண்கள் கிடாய் வெட்டுவார்களே தவிர அதன் குடலில் கை வைப்பார்களா? குவியல் மணக்கத் தொடங்கியதும், கோயில் முறையிலும் பெரிது மூக்கு என்பது எல்லோருக்கும் விளங்கியது.

"இப்ப என்னதான் செய்யச் சொல்லுறாய்?" என்று கத்தினார் அவர்.

மீனம்மா இராமுழுவதும் இதைத்தான் யோசித்திருந்தாள். "எரிக்க வேண்டாம் ஐயா. பொங்கின அந்தப் பெரிய கிடாரத்தைத் தாங்கோ. கொப்புளம் உள்ளதெல்லாத்தையும் அதுக்குள்ள போட்டு, நல்லாக் கொதிக்கக் கொதிக்க அவிச்சிட்டுக் குடுப்பம். வைரவற்ற பங்கு வைரவருக்கே போகும். அவர் மட்டும் ஏன் பச்சையாத் தின்ன வேணும்? நாங்கள் சமைச்சுத்தானே தின்னுறம்."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். தில்லைநாதன் அங்கும் இங்கும் பார்த்தார். கிடாரத்தைக் கொடுக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, வேறு அவசர வேலை இருப்பது போல மடைப்பள்ளிப் பக்கம் போனார்.

மீனம்மா விறகை இழுத்துப் போட்டாள். கழுவினாள், பிரித்தாள், அவித்தாள். நாய்கள் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு பொழுதுபடுமட்டும் காத்துக்கிடந்தன. வேள்வி பார்க்க வந்திருந்த பிரியந்தினியை அவள் கூப்பிட்டாள்.

"மிஸ், குளிசையை எடுங்கோ. அவிச்ச துண்டுக்குள்ள வைச்சுக் குடுப்பம்."

"ஆரின்ர நாய் எண்டு எழுதிறது அக்கா?"

மீனம்மா கோயிலுக்குள் திரும்பிப் பார்த்தாள். சூலத்தில் குங்குமமும் எலுமிச்சம்பழமுமாக வைரவர் நின்றார். கொடுத்ததைத் திருப்பி எடுக்க அவளுக்கு உள்ளூரப் பயம் இருந்தது. மகளின் முகம் ஒருதரம் வந்து போனது. ஆனால் சாமியோடும் நியாயம் பேசலாம் என்றுதான் அவளுக்குப் பட்டது. இவ்வளவு நாளும் சோறு போட்டது யார்?

"என்ர பேரைப் போடுங்கோ" என்றாள்.

"சொக்கனுக்கோ?"

"எல்லாத்துக்கும்."

அடுத்த கிழமை முத்துலிங்கத்தை வார்ட்டில் சேர்த்தார்கள். பச்சை உடுப்பைப் போட்டுத் தள்ளுகட்டிலில் கிடத்தியிருந்தபோது ஒரு தாதி வந்து வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். பொய்ப்பல் கட்டியிருக்கிறதா, கடைசியாக எப்போது சாப்பிட்டது, மருந்து ஏதும் ஒத்துக்கொள்ளாதா. பிறகு, "வீட்டில நாய் இருக்கோ?"

"இல்..." என்று தொடங்கினான் முத்துலிங்கம், பழக்கத்தில். தொடங்கியவன் மனைவியைப் பார்த்து நிறுத்தினான்.

"இருக்கு தங்கச்சி" என்றாள் மீனம்மா.

"எத்தினை?"

"எட்டு."

தாதி நிமிர்ந்து பார்த்தாள். "எட்டு நாயோ? பூச்சிக் குளிசை குடுக்கிறனீங்களோ?"

"நான்தான் குடுக்கிறனான். எல்லாத்துக்கும்."

முத்துலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நோகும் என்று பயந்து பயந்து சிரித்தான். அவன் சிரித்து அவள் கண்டு எவ்வளவு காலம். "எல்லாம் எங்கட தானோ?" என்று கேட்டான்.

"ஓம். எங்கட தான்."

அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். மீனம்மா வெளியே கிடந்த மரவாங்கில் இருந்து, சுவரில் தலையைச் சாய்த்தாள். அவளையும் அறியாமல் நித்திரையாகிப்போனாள். மாதக்கணக்கில் வராத நித்திரை. டொக்டர் வந்து தோளில் தட்டியபோதுதான் விழித்தாள்.

"அம்மா, முடிஞ்சுது. கட்டி உடையாமல் முழுசா வந்திட்டுது. பயப்பிடாதேங்கோ."

முதல் முறை இதே வாங்கில் இதே செய்தியைக் கேட்டபோது அவள் டொக்டரின் காலில் விழப் பார்த்தாள். இம்முறை எழும்பிச் சீலையைச் சரிசெய்துகொண்டு, ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஐயா, எப்ப வீட்டை கூட்டிக்கொண்டு போகலாம்?"